நோட்டீஸ் அம்மா

முதல் நாள் அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

டீச்சர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். பட்டையிலும் புல்லிலும் கூடை பின்னச் சொல்லிக் கொடுக்க அனுப்பியிருந்தார்கள். எங்கள் எல்லோரையும் விட வயதில் சின்னவள்.

மும்தாஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மனைவி. வீட்டில் தையல் மெஷின் உண்டு.

செல்வி. வல்லத்துக்காரி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போவாள். மற்ற காலத்தில் வேலை இல்லை.

செல்வியின் மாமியார். மருமகள் தினமும் எங்கே போகிறாள் என்று பார்க்க வந்தவர். பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான். கொத்து வேலை பார்த்தவன். சாரத்திலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்த பிறகு அந்த வேலை போனது. ஆனாலும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மகளிர் குழுவில் பேர் இருந்தது என் மனைவிக்கு. அவள் எண்ணெய் மில்லுக்குப் போகிறவள். சும்மா இருக்கிற ஆளை அனுப்பலாம் என்று என்னை அனுப்பினாள். ஆம்பிளை நான் ஒருத்தன்தான்.

கடைசியாக அந்த அம்மா.

சமுதாயக் கூடத்தின் கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. வெளியே நின்று இருமினார். சளி இருமல் இல்லை. ஆள் வந்திருக்கிறேன் என்கிற இருமல். டீச்சர் திரும்பிப் பார்த்து வாங்கம்மா என்றாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.

தொண்டை கட்டிக்கொண்டதா என்று செல்வியின் மாமியார் கேட்டார். திறந்த கதவுக்கு எதற்கு இருமல் என்றும் கேட்டார்.

"நீங்க பேசிக்கினு இருந்தீங்க. நான் திடும்னு வந்து நின்னா பேச்சு அறுந்துடும் இல்ல," என்றார் அந்த அம்மா.

அவருக்குப் பேர் உண்டு. இங்கே எழுதவில்லை. நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பிறந்தது மேல்சித்தாமூர். சமண நயினார் வீட்டுப் பெண். கட்டிக் கொடுத்தது செஞ்சியில். வீட்டுக்காரர் இறந்து தனியாக இருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அதெல்லாம் அவர்கள் வீட்டு வழக்கம். பட்டை ஊற வைக்கிற தண்ணீரையும் துணி கட்டி வடிகட்டினார். அது ஏன் என்று செல்வி கேட்டாள். உள்ளே இருக்கிற பூச்சி, புழு பட்டையோடு சேர்ந்து நசுங்கக் கூடாது என்றார்.

நோட்டீஸ் அம்மா என்று பேர் வைத்தது மும்தாஜ். எதையும் சொல்லாமல் செய்ய மாட்டார். ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் சாத்தப் போகிறேன் என்பார். பேன் போடுவதற்கு முன்னால் புல் பறக்கும், பிடித்துக்கொள்ளுங்கள் என்பார். டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போகும்போது வளையலை ஆட்டிக்கொண்டே போவார். பேர் வைத்தது அவருக்கும் தெரியும். மும்தாஜ் ஒருநாள் மறந்துபோய் நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, அந்த நோட்டீஸை எனக்கு முன்னாடியே குடுத்திருக்கலாம் இல்ல என்றார். அன்று முழுதும் சிரித்தோம்.

கூடை இப்படித்தான் பின்னுவது. காய்ந்த கோரைப் புல்லை ஒரு கட்டைவிரல் பருமனுக்குச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். ஊற வைத்த பட்டையை நாடா மாதிரிக் கிழித்து, கோணி ஊசியில் கோத்து, ஒரு சுற்றைப் பக்கத்துச் சுற்றோடு இறுக்கித் தைக்க வேண்டும். அடி வந்ததும் சுற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் சுவர் வரும். செங்கல் வரி வைக்கிற மாதிரிதான். எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது.

செல்வியின் மாமியாருக்குப் பிடிபடவில்லை. அவர் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தது. யாருக்கும் சொல்ல தைரியம் இல்லை. டீச்சருக்கும் இல்லை. அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்தார். இருமினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கேட்டா வருத்தமா இருக்கும்."

"கேட்டுட்டியே. அப்பவே பாதி வருத்தம் வந்துடுச்சி. மீதியையும் சொல்லு," என்றார் மாமியார்.

சொன்னார். மாமியார் பிரித்துப் போட்டார். எங்களில் யார் சொல்லியிருந்தாலும் அந்தக் கூடை தலைமேல் வந்திருக்கும்.

கோரை அறுக்க ஏரிக்குப் போவோம். கோட்டை மலைக்குப் பின்னால் உள்ள ஏரி. சேற்றில் என் கால் நிற்காது. நான் கரையில் உட்கார்ந்து, வருவதை வாங்கிக் கட்டு கட்டுவேன். மற்றவர்கள் இறங்குவார்கள். அந்த அம்மா கையில் ஒரு குச்சி இருக்கும். தோல் உரித்த பூவரசங்குச்சி. ஒரு தூற்றை, ஒன்றாக முளைத்த கோரைக் கொத்தை, அறுப்பதற்கு முன்னால் குச்சியால் தட்டுவார். அடிப்பது இல்லை. கதவைத் தட்டுவது போல. தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். தவளை குதிக்கும். தட்டான் எழும்பும். சில சமயம் கானாங்கோழி ஓடும். எல்லாம் அடங்கினதும்தான் குனிந்து அரிவாளைப் போடுவார்.

செல்வி நாலு தூறு அறுப்பதற்குள் அவர் ஒரு தூறு அறுப்பார்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கரையில் இருந்து பார்த்தால் தூற்றில் இருந்து போவது எல்லாம் தெரியும். அதை எண்ணச் சொன்னார். ஒவ்வொரு தூற்றுக்கும் நிமிர்ந்து கேட்பார்.

"மேஸ்திரி, எத்தினி போச்சு?"

நான் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். இந்தக் கணக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் குனிஞ்சிக்கினு இருக்கறேன். எனக்குத் தெரியாது. அதுங்க போறத யாராச்சும் ஒருத்தர் பாத்திருக்கணும் இல்ல."

அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கவில்லை. நான் விழுந்த கதையை அவரிடம் சொன்னேன். யாரிடமும் முழுதாகச் சொன்னது இல்லை. சாரத்தில் எனக்கு மேல் நின்றவன் பலகையை எடுத்தான். எடுக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. நான் அதன் முனையில் கால் வைத்திருந்தேன். அவ்வளவுதான் கதை.

அவர் சேற்றிலேயே நின்று கேட்டார். பாவம் என்று சொல்லவில்லை. ஒரு குரல் குடுத்திருந்தா போதும் என்றார். அடுத்த தூற்றைத் தட்டப் போய்விட்டார்.

பட்டைதான் அவருக்குப் பெரிய பாடு. கோட்டை மலைச் சரிவில் ஆத்தி மரம் இருக்கிறது. அந்தப் பட்டை கயிறு மாதிரி உழைக்கும். செல்வி ஒருதரம் போய் உரித்துக்கொண்டு வந்தாள். பாரஸ்ட் கார்டு துரத்தினார் என்று பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மா அதைத் தொடவில்லை. உயிரோடு நிற்கிற மரத்தைத் தோல் உரிக்க அவரால் ஆகாது. செத்த மரத்தில் பட்டை வளையாது. பொடிந்துபோகும். டீச்சர் கையை விரித்துவிட்டாள்.

வழியை அவரே கண்டுபிடித்தார். கரண்டு கம்பியில் உரசுகிறது என்று கரண்டு ஆபீஸ்காரர்கள் ரோட்டோரப் பூவரச மரத்தில் கிளை வெட்டுவார்கள். வெட்டின அன்றே உரித்தால் பட்டை பச்சையாகக் கழன்று வரும். நாள் தாண்டினால் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா ஆபீஸுக்கே போய், வெளியே நின்று இருமி, லைன்மேனைக் கூப்பிட்டுப் பேசினார். எந்த ரோட்டில் எப்போது வெட்டுகிறார்கள் என்று முந்தின நாளே சொல்லச் சொன்னார். லைன்மேன் முதலில் சிரித்தாராம். கரண்டு நிறுத்துவதற்கே நாங்கள் யாருக்கும் சொல்வது இல்லை என்றாராம். அப்புறம் அந்த அம்மா வீட்டுக்கே சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார். நாளைக்கு வல்லம் ரோடும்மா. நாளைக்குத் தொண்டூர் ரோடும்மா.

வெட்டி விழுந்த கிளையையும் அவர் ஒருதரம் தட்டிவிட்டுத்தான் உரிப்பார். அதில் எறும்பு இருக்குமாம்.

அவர் எதற்குக் கூடை பின்ன வந்தார் என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டார். ஒளிக்கிற பழக்கம் கிடையாது.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரே பிள்ளை. அம்மா ஒருநாள் பம்பு அடியில் வழுக்கி விழுந்து, மத்தியானம் வரைக்கும் யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறார். அதிலிருந்து மகனுக்கு டென்ஷன். வீட்டைப் பூட்டிவிட்டு வா என்கிறான். இவருக்குச் செஞ்சியை விட்டுப் போக மனசு இல்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, தினம் நாலு பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். மகன் யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கிறான். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், நிஜமாகவே ஆர்டர் வந்து வேலை என்று ஆனால் இரு, இல்லாவிட்டால் என்னோடு வந்துவிட வேண்டும் என்றிருக்கிறான்.

அந்த மகன் கெட்டவன் இல்லை. ஒருநாள் கூடத்துக்கே வந்தான். அம்மா பின்னுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, அம்மா இங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றேன்.

அவன் இன்னும் கேட்க நின்றான்.  ஏரியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். லைன்மேனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் வராத அன்று செல்வியின் மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் பேசுகிற ஆள் இல்லை. அவன் போய்விட்டான்.

ஆர்டர் ஐப்பசியில் வந்தது. டீச்சர் பேசி வாங்கினது. பாண்டிச்சேரியில் ஒரு கடை. நாற்பது கூடை. மார்கழி பிறந்ததும் கடைக்காரரே வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. பிடித்திருந்தால் மாதா மாதம் எடுப்பார். அந்த அம்மா அன்று எங்கள் எல்லோருக்கும் வீட்டிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்தார். கடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், கல்லு மாதிரி இருக்கும் என்றார். இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது.

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க வெயில் இல்லை. அறுத்த கோரை காயவில்லை. கூடத்தில் பேன் போட்டுப் பரப்பினோம். மும்தாஜ் வீட்டில் அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். என் மனைவி மில்லில் கெஞ்சி எஞ்சின் ரூமில் ஒரு கட்டு வைத்தாள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிடி எடுத்து முறுக்கிக் கன்னத்தில் வைக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். எப்போது வைத்தாலும் ஜில்லென்றுதான் இருந்தது.

ஈரப் புல்லில் பின்னினால் என்ன ஆகும் என்று டீச்சர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். பின்னும்போது கூடை நன்றாக இருக்கும். காய்ந்த புல்லை விட அழகாகவே வரும். வளைந்து கொடுக்கும். இறுக்கமாக நிற்கும். அப்புறம் உள்ளே இருக்கிற புல் காய்ந்து சுருங்கும். சுற்றின பட்டை அப்படியே நிற்கும். இடையில் இடம் விழும். கூடை தொளதொள என்று ஆகிவிடும். வெளியூர் ஆளுக்கு இது தெரியாது. கோரையைக் கையால் அறுத்துப் பின்னினவனுக்குத்தான் தெரியும்.

நாள் நெருங்கியது. மும்தாஜ்தான் எடுத்துச் சொன்னாள். காயறதுக்குக் காத்திருந்தால் பொங்கல் போய்விடும், பொங்கல் போனால் அம்மா போய்விடும் என்றாள். பாதி காய்ந்தது போதும், பின்னிவிடலாம் என்றாள். டீச்சர் தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த அம்மா இருமினார்.

"இது தளரும்."

"கடைக்காரரு வர்ற அன்னிக்குத் தளராது இல்லம்மா," என்றாள் மும்தாஜ். "ஒருவாட்டி எடுத்துக்கினு போவட்டும். அடுத்தவாட்டி காஞ்சதா குடுப்போம். உங்களுக்கோசரம்தான் சொல்றேன்."

 எஞ்சின் ரூமில் வைத்த ஒரு கட்டு மட்டும் காய்ந்திருந்தது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நாங்கள் ஈரத்தில் பின்னினோம். வேகமாகப் பின்னினோம். நானும் பின்னினேன். அவ்வளவு நல்ல கூடைகளை அதற்கு முன்னால் நாங்கள் பின்னினதே இல்லை. செல்வியின் மாமியார் கூடை கூட நேராக நின்றது.

அந்த ஒரு கட்டில் அவருக்கு ஐந்து கூடை வந்தது.

கடைக்காரர் சொன்ன நாளில் வந்தார். சின்ன வயசு ஆள். மரியாதையானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். சுவர் ஓரமாக நாற்பதும் அடுக்கி இருந்தது. ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கினார். கல்லு மாதிரி இருக்குது என்றார். இன்னொன்றை எடுத்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். டீச்சர் முகம் தெளிந்தது. கடைக்காரர் வெளியே இருந்த டிரைவரைக் கூப்பிட்டு வண்டிக் கதவைத் திறக்கச் சொன்னார்.

அப்போது இருமல் கேட்டது.

எங்கள் எல்லோருக்கும் அந்த இருமல் தெரியும். மும்தாஜ் கண்ணால் வேண்டாம் என்றாள். செல்வி அவர் புடவையைப் பிடித்தாள். கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"இதுல அஞ்சு காஞ்சது. மத்தது உள்ள ஈரம். பத்து பதினஞ்சு நாள்ல சுருங்கித் தளரும். உங்க கடையில இருக்கும்போதே தளரும்."

கடைக்காரர் கையில் இருந்த கூடையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். காய்ந்த ஐந்தும் யார் பின்னினது என்று அந்த அம்மா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது என்றார். மழைக் காலம்தானே, புரிகிறது, பொங்கல் கழித்து வெயில் வந்ததும் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள், அப்போது எடுத்துக்கொள்கிறேன் என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். டீ கூடக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பொங்கல் கழித்து என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

வண்டிச் சத்தம் போன பிறகு செல்வியின் மாமியார் கேட்டார்.

"யாருக்கோசரம்மா இத்தினியும் பின்னினோம்?"

"எனக்கோசரம்தான். தெரியும்."

"தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்கு வாயத் தொறந்தே?"

"எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடிதான் சொல்ல முடியும்," என்றார் அந்த அம்மா. "பின்னாடி சொன்னா அது சொன்னதா ஆவாது."

  எனக்கும் அந்த ஆர்டர் தேவைப்பட்டது. என் மனைவி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கூடத்தைப் பெருக்கினார். பெருக்கப் போகிறேன், காலைத் தூக்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருக்கினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டும் என்று கிளம்பினார். அன்று யாரும் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கூடைகள் கொஞ்ச நாளில் தளர்ந்தன. என்னுடையது ஒன்றைத் தூக்கினால் அடி தனியாக ஆடியது. பிரித்து வேறு பின்னத் தொடங்கினோம். அந்த அம்மாவும் வந்து பிரித்தார். மும்தாஜ் அவரோடு மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தாள். கடைக்காரரிடம் பேசி மகனிடம் பொங்கலுக்கு மேல் ஒரு மாசம் கேட்கலாம் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை லைன்மேன் கூடத்துக்கு வந்தார். அவர் அதுவரை கூடத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் நின்றார். அந்த அம்மாவைப் பார்த்துப் பழகிவிட்டதோ என்னவோ, அவரும் இருமினார்.

"அம்மா வூட்டுல பூட்டு தொங்குது. நாளைக்கு வல்லம் ரோட்டுல வெட்டறோம். சொல்லலாம்னு வந்தேன்."

நாங்கள் போய்ப் பார்த்தோம். பூட்டுதான். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் காரோடு வந்திருக்கிறான். போன் செய்யவில்லை. சொன்னால் அம்மா ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லாமல் வந்திருக்கிறான். மத்தியானத்துக்குள் சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அம்மா எதிர்த்துப் பேசவில்லையாம். வீட்டு ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தும்போது மட்டும் ஏதோ முணுமுணுத்தாராம். என்ன என்று அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சாத்தப் போறேன் என்று சொல்லியிருப்பார்.

கூடத்துக்கு எதிரில் டீக்கடை. டீக்கடைக்காரர் மீதியைச் சொன்னார். கார் கூடத்துக்கு முன்னால் நின்றதாம். அந்த அம்மா இறங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. கூடம் பூட்டி இருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் நின்று அவர் இருமினாராம். கொஞ்ச நேரம் நின்றாராம். கையில் இருந்த குச்சியைக் கதவு ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் காரில் ஏறினாராம்.

குச்சி அங்கேதான் இருந்தது. காலையில் வந்ததும் நான் அதைப் பார்த்தேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறார், வரட்டும் என்று உள்ளே எடுத்து வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்து வெயில் வந்தது. கோரை காய்ந்தது. நாற்பது கூடையும் பின்னினோம். கடைக்காரர் வந்தார். இந்தமுறை அமுக்கிப் பார்க்கவில்லை. அந்த அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னோம்.  அந்த அம்மா அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திரும்பி வந்திருக்க மாட்டேன் என்றார். இன்றைக்கும் அவர்தான் எடுக்கிறார். அவர் சொல்லி இன்னும் இரண்டு கடையும் எடுக்கிறது. என் மனைவி மில்லை விட்டுவிட்டாள். மும்தாஜ் தையல் மெஷினை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். செல்வி மல்லாட்டைக்குப் போவது இல்லை. எல்லாம் அந்த ஒரு இருமலில் வந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் வரவில்லை.

ஒருதரம் போன் செய்தார். மும்தாஜ் போனுக்கு. நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். சென்னையில் மகன் வீடு நாலாவது மாடி. எல்லா வீட்டுக் கதவிலும் மணி இருக்கிறதாம். இருமுவதற்கு வேலை இல்லை என்றார். லிப்ட் கதவு சொல்லாமலே சாத்திக்கொள்கிறதாம். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளாம். மகன் தினம் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறானாம்.

பொங்கல் வரைக்கும் பொறுக்காமல் ஏன் வந்துவிட்டான் என்று மும்தாஜ் கேட்டாள்.

"ஆர்டரு தள்ளிப் போச்சுன்னு அன்னிக்கு சாயங்காலமே நான்தான் போன் போட்டு சொன்னேன்," என்றார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் இல்லம்மா."

 

"எப்படி?" என்று கேட்டார் அந்த அம்மா. குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். 

அப்புறம் என்னைக் கேட்டார். மும்தாஜ் போனை என்னிடம் கொடுத்தாள்.

"மேஸ்திரி, ஏரிக்குப் போறீங்களா?"

"போறோம்மா."

"எத்தினி போவுது?"

அவர் போன பிறகு நான் எண்ணுவது இல்லை. யாரும் கேட்பது இல்லை. பொய் சொல்ல அவரிடம் வாய் வரவில்லை. இப்ப எண்றதில்லம்மா என்றேன். சரி என்றார். வைக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

போன ஆடியில் அவர் இறந்தார். தூக்கத்தில். யாருக்கும் எதுவும் சொல்லவில்லையாம். எங்களுக்குச் சேதி வந்தபோது காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகன்தான் மும்தாஜுக்குப் போன் செய்தான். முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சிக்குங்க என்றானாம்.

போன வாரம் கோரை அறுக்கப் போனோம். செல்வி இறங்கினாள். கையில் அந்தக் குச்சி. பாம்புக்குப் பயந்துதான் தட்டுகிறேன் என்று அவள் சொல்வாள். தட்டினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் குனிந்தாள்.

நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எண்ணினேன்.

தவளை ஆறு. தட்டான் மூன்று. பேர் தெரியாத குருவி ஒன்று. தண்ணீர்ப் பாம்பு ஒன்று.

பதினொன்று.